இமயத்தின் மரவெல்லையைக் கண்ட ஹூக்கர்

தாவரவியல் நூல்களைப் புரட்டும் நம் மாணவர், இலத்தீன் பெயர்களின் பின்னே ‘ஹூக். எஃப்.’ என்னும் குறியைப் பலகாற் கண்டிருப்பர். ஹூக்கரின் மகன் என்பது அதன் பொருள். தந்தையார் வில்லியம் ஹூக்கர் கியூ தாவரவியற் பூங்காவின் அதிபர். மைந்தர் யோசேப்பு டால்ற்றன் ஹூக்கரும் 1865 முதல் 1885 வரை அப்பதவியை வகித்தார்.

இவர் 1817 ஆம் ஆண்டு இங்கிலாந்திலே பிறந்தார். கிளாஸ்கோவில் வைத்தியம் பயின்று, 1839 இல் உதவி வைத்தியராய்க் கப்பலேறித் தென்முனைக் கடல்களில் நான்காண்டு உழன்றார். உயிரினங்கள் மாறுந் தன்மையன என்னுந் தம் எண்ணத்தை டார்வின் 1844 இல் அச்சத்தோடு வெளியிட்டது இவரிடத்தேயாம். எனினும் நாம் இங்கு விரித்துரைக்க விரும்புவது இவர்தம் இமயப் பயணத்தையே.

1848 இல் தார்ஜிலிங் சேர்ந்த ஹூக்கர், அவ்வாண்டு ஒக்டோபரில் 56 பேருடன் கிழக்கு நேபாளத்துக்குப் புறப்பட்டார். மறு ஆண்டு சிக்கிமின் லாச்சென், லாச்சுங் பள்ளத்தாக்குகளில் ஏறினார். நீர் கொதிக்கும் வெப்பநிலையை அளந்து மலையின் உயரத்தைக் கணித்தார். ஒவ்வோர் உயரத்திலும் எம்மரம் எம்மரத்தோடு கூடி வாழ்கின்றதென எழுதிவந்தார். ஏறத்தாழ 10,000 அடிக்கு மேலே கருமை படர்ந்த ஃபர் மரக்காடு. அதன் நிழலிலே றோடோடென்றன் புதர்கள். பனியாறுகள் விட்டுச் சென்ற கற்குவியல்களின் மேல், குளிர்காலத்தில் இலையுதிர்க்கும் லார்ச் என்னும் ஊசியிலை மரம். 12,000, 13,000 அடிகளில் ஃபர் குறுகிக் கோணி நின்றுவிட, பூர்ச்ச மரமும் சூனிப்பர் புதரும் எஞ்சுகின்றன. அதற்கும் அப்பால், ஏறத்தாழ 17,000 அடியிலும் நிலத்தோடு நிலமாய்ப் படர்ந்த சிறு றோடோடென்றன் ஒன்றைக் கண்டு, பனிக்குரியதெனப் பொருள்படும் ‘நிவாலே’ என்னும் பெயரை அதற்கிட்டார். நிலத்தை மரத்தாலும் பூவாலும் பகுத்தறிந்த தமிழர்க்கு இம்முறை அயலானதன்று. வளர்காலத்தின் சராசரி வெப்பநிலை 6 பாகை செல்சியசு அளவுக்குத் தாழுமிடத்தில் உயர்மரங்கள் நின்றுவிடுகின்றன என்பது இக்கால அறிஞர் முடிபு.

மரத்தை மட்டுமன்றி அதனை ஆளும் மக்களையும் அவர் கண்டார். ஹொட்சன் என்னும் நண்பரின் பெயரை இட்ட றோடோடென்றனின் கட்டையால் மலைவாணர் கிண்ணமும் கரண்டியும் கடைவர். வெண்ணெயை அதன் பளபளப்பான இலையிற் பொதிந்தே விருந்தினர்க்கு அளிப்பர்.

1849 நவம்பரில் ஹூக்கரும் தார்ஜிலிங் அதிகாரி காம்பெல்லும் சிக்கிம் திவானின் ஆட்களாற் பிடிக்கப்பட்டனர். காம்பெல் துன்புறுத்தப்பட்டார். பிடியிலிருந்த நாட்களிலும் ஹூக்கர் தாவரங்களை நோக்குதலை விட்டாரல்லர். டிசம்பர் இறுதியில் இருவரும் விடுதலை பெற்றனர்; இதனைக் காரணங்காட்டி ஆங்கிலேயர் 1850 இல் சிக்கிமின் தென்பாகத்தைத் தம் ஆட்சியோடு சேர்த்துக்கொண்டனர். அரசன் தடுத்த வழிகளிலே தாவரந் தேடிச் சென்றவரை முற்றும் குற்றமற்றவரெனல் எமக்கு அரிது. பிறிதொன்றும் எம் மனத்தை உறுத்துகின்றது. அவர் பெயரிட்ட றோடோடென்றன்களில் அதிகாரிகளும் அவர்தம் மனைவியரும் வாழ்கின்றனர். வழிகாட்டிய, செடி சுமந்த லெப்சா ஒருவரின் பெயர் எதற்கும் வாய்த்திலது. லெப்சாக்களின் பண்பைத் தம் பயண நூலிலே மனமாரப் புகழ்ந்தவர் அவர் என்பதையும் நாம் மறைத்தலாகாது.

நம் நாட்டுக்கு இவர் செய்த உபகாரம் பலர் அறியாதது. பேராதனைப் பூங்காவின் அதிபர் திரிமன் இலங்கைத் தாவரக் கைந்நூலின் மூன்று பாகங்களை வெளியிட்டு 1896 இல் மறைந்தார். முற்றுப்பெறாத அந்நூலை எண்பது வயதை எய்திய ஹூக்கர் தம் கையிலேற்று, நான்காம் பாகத்தை 1898 இலும் ஐந்தாம் பாகத்தை 1900 இலும் வெளிக்கொணர்ந்தார். நுவரெலியாவிலும் ஹோட்டன் சமவெளியிலும் செந்நிறமாய்ப் பூக்கும் மரம் சிக்கிமில் அவர் கண்ட றோடோடென்றன்களின் உறவே.

1911 டிசம்பர் 10 இல், தம் 94 ஆம் வயதில் அவர் இறந்தார். டார்வினுக்கருகே வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் இடந்தர முன்வந்தனர். ஆயினும் அவருடல் கியூவிலே தந்தையாரின் பக்கத்தில் அடக்கஞ் செய்யப்பட்டது.