பரம்வீர் சக்ராவை உருவாக்கிய வெளிநாட்டுப் பெண்

போர்க்களத்தில் எதிரியின் முன்னிலையில் காட்டும் ஒப்பற்ற வீரத்துக்காக இந்தியா வழங்கும் மிக உயர்ந்த விருது, பரம்வீர் சக்ரா. அதை வடிவமைத்தவர் ஒரு பெண். அதுவும், சுவிட்சர்லாந்தில் பிறந்த பெண்!

அவர்தான் சாவித்திரி பாய் கனோல்கர் அம்மையார்.

1913-ம் ஆண்டு ஜூலை 20-ந் தேதி சுவிட்சர்லாந்தில் உள்ள நியூசாடெல் நகரில் பிறந்தார். பெற்றோர் வைத்த பெயர் ஈவ் இவோன். தந்தை ஹங்கேரி நாட்டவர், தாய் ரஷியர். தந்தை ஜெனீவா பல்கலைக்கழகத்தில் சமூகவியல் பேராசிரியர். வீட்டில் புத்தகங்களுக்குப் பஞ்சம் இல்லை. இந்தியாவைப் பற்றிய நூல்களைச் சிறுமி விரும்பிப் படித்தார்.

பனிமலையில் மலர்ந்த காதல்

1929-ம் ஆண்டு. ஈவுக்கு வயது 16. பனிச்சறுக்கு விளையாட்டுக்குப் பெயர்போன சாமோனி என்ற இடத்தில், இந்திய இளைஞர் ஒருவரைச் சந்தித்தார். அவர் பெயர் விக்ரம் கனோல்கர். மராட்டியர். இங்கிலாந்தில் சாண்ட்ஹர்ஸ்ட் ராணுவக் கல்லூரியில் பயிற்சி பெற்று வந்தவர், விடுமுறையில் அங்கு வந்திருந்தார்.

நட்பு காதலாக மாறியது. மகளை அவ்வளவு தூரத்துக்கு அனுப்பத் தந்தைக்கு மனம் இல்லை. ஆனால் பெண்ணின் உறுதி தளரவில்லை. கடல் கடந்து இந்தியாவுக்கு வந்துவிட்டார். 1932-ம் ஆண்டு லக்னோவில் திருமணம் நடந்தது. ஈவ், சாவித்திரி பாய் ஆனார்.

பெயர் மட்டுமா மாறியது? சேலை உடுத்தினார். சைவ உணவுக்கு மாறினார். மராத்தி, இந்தி, சமஸ்கிருதம் கற்றார். பாட்னா பல்கலைக்கழகத்தில் படித்தார். வேதங்களையும் புராணங்களையும் ஆழ்ந்து பயின்றார். மராட்டிய மகான்களைப் பற்றி நூலும் எழுதினார்.

சொந்தப் பதக்கம் வேண்டும்

ஆங்கிலேயர் ஆட்சியில் விக்டோரியா சிலுவைதான் மிக உயர்ந்த வீர விருது. 1856-ல் தோன்றிய அந்த விருதைப் பெறும் தகுதி, 1911 வரை இந்தியச் சிப்பாய்களுக்குக் கிடையாது.

1947-ல் நாடு விடுதலை பெற்றது. சில வாரங்களிலேயே காஷ்மீரில் சண்டை மூண்டது. நமது வீரர்கள் உயிரைக் கொடுத்துப் போராடினார்கள். அவர்களுக்கு இனியும் இங்கிலாந்து அரசரின் பதக்கத்தையா அணிவிப்பது? சுதந்திர நாட்டுக்குச் சொந்தப் பதக்கம் வேண்டாமா?

புதிய விருதுகளை உருவாக்கும் பொறுப்பு மேஜர் ஜெனரல் ஹீராலால் அடலிடம் வந்தது. அவர் சாவித்திரி பாயிடம் வடிவமைப்பை ஒப்படைத்தார். இந்தியப் புராணங்களையும் அவற்றின் சின்னங்களையும் அந்த அளவுக்கு அறிந்தவர் அவர்.

முனிவரின் எலும்பு

சாவித்திரி பாயின் நினைவுக்கு வந்தவர் ததீசி முனிவர். விருத்திராசுரனை எந்த ஆயுதத்தாலும் வெல்ல முடியாமல் தேவர்கள் தவித்தபோது, உயிரைத் துறந்து தம் எலும்புகளையே கொடுத்தவர் அவர். அந்த எலும்பில் பிறந்ததுதான் இந்திரனின் வச்சிராயுதம். நாட்டுக்காக உடலையே தரும் சிப்பாய்க்கு இதைவிடப் பொருத்தமான சின்னம் ஏது?

பதக்கத்தின் நடுவில் அசோகச் சின்னம். அதைச் சுற்றி நான்கு வச்சிராயுதங்கள். பின்புறத்தில் தாமரை மலர்கள். மேலே ஊதா நிற நாடா. பதக்கம் தங்கம் அல்ல, வெள்ளியும் அல்ல, வெறும் வெண்கலம். ஒன்றரை அங்குல அகலம் கூட இல்லை. அடுத்த விருதான மகாவீர் சக்ரா வெள்ளியால் ஆனது. ஆனாலும் மதிப்பில் உயர்ந்தது வெண்கலமே!

1950-ம் ஆண்டு ஜனவரி 26-ந் தேதி, முதல் குடியரசு தினத்தன்று, விருது நடைமுறைக்கு வந்தது. 1947 ஆகஸ்டு 15 முதல் நடந்த வீரச் செயல்களுக்கும் அது பொருந்தும் என்று அறிவிக்கப்பட்டது. மகாவீர் சக்ரா, வீர் சக்ரா, அசோக சக்ரா ஆகியவற்றை வடிவமைத்த பெருமையும் அம்மையாருக்கு உண்டு.

முதல் விருது உறவினருக்கே

விதியின் விளையாட்டைப் பாருங்கள். முதல் பரம்வீர் சக்ரா மேஜர் சோம்நாத் சர்மாவுக்குக் கிடைத்தது. சாவித்திரி பாயின் மூத்த மகளை மணந்தவரின் அண்ணன் அவர்!

கையில் மாவுக்கட்டுடன் போர்முனைக்குச் சென்ற சர்மா, 1947 நவம்பர் 3-ந் தேதி பட்காம் என்ற இடத்தில் வீரமரணம் அடைந்தார். அவருடைய படை எதிரிகளைத் தடுத்து நிறுத்தியதால் ஸ்ரீநகர் விமான தளம் தப்பியது.

1952-ல் சாவித்திரி பாயின் கணவர் காலமானார். அப்போது அவர் மேஜர் ஜெனரல். அதன்பின் அம்மையார் ஆன்மிகத்தில் ஆறுதல் தேடி ராமகிருஷ்ண மடத்தில் சேர்ந்தார். தாய்நாட்டுக்குத் திரும்பவேண்டும் என்று நினைக்கவில்லை. இதுவே அவருடைய நாடு ஆகிவிட்டது.

மும்பையில் பிறந்து, சயானில் உள்ள எஸ்.ஐ.இ.எஸ். கல்லூரியில் படித்த மேஜர் ராமசாமி பரமேஸ்வரன், 1987 நவம்பர் 25-ந் தேதி இலங்கையில் அமைதிப்படைப் பணியில் உயிர்நீத்தார். அவருக்கும் இந்த வெண்கலப் பதக்கமே வழங்கப்பட்டது.

மூன்று ஆண்டுகள் கழித்து, 1990 நவம்பர் 26-ந் தேதி சாவித்திரி பாய் மறைந்தார். வயது 77.

1999 கார்கில் போர் வரை பரம்வீர் சக்ரா பெற்றவர்கள் 21 பேர். அவர்களில் 14 பேருக்கு அது மரணத்துக்குப் பின்னரே வழங்கப்பட்டது. ததீசியின் கதையை அம்மையார் தேர்ந்தெடுத்தது எவ்வளவு சரி என்பதற்கு அந்தக் கணக்கே சாட்சி.