காசு வாங்கியது குற்றமா?

1912-ம் ஆண்டு சுவீடன் தலைநகர் ஸ்டாக்ஹோமில் ஒலிம்பிக் பந்தயம் நடந்தது. அதில் 2 தங்கப் பதக்கங்களைத் தட்டிச் சென்றார், ஓர் அமெரிக்க மாணவர். அவர் பெயர் ஜிம் தோர்ப்.

மறு ஆண்டே அந்தப் பதக்கங்கள் பறிக்கப்பட்டன. ஏன்?

ஏழை மாணவர்

தோர்ப், 1887-ல் ஒக்லஹாமாவில் செவ்விந்தியர் குலத்தில் பிறந்தவர். இளம் வயதிலேயே தாய் தந்தையை இழந்தார். கார்லைல் நகரில் இருந்த செவ்விந்தியர் பள்ளியில் படித்தார்.

அமெரிக்கக் கால்பந்தில் அவர் புலி! அவர் ஆட்டத்தைப் பார்க்கக் கூட்டம் திரண்டது. நுழைவுச் சீட்டுப் பணம் பள்ளிக்குப் போயிற்று.

1909, 1910-ம் ஆண்டுகளில், கோடை காலத்தில், சிற்றூர்க் குழுக்களில் பேஸ்பால் ஆடினார். சொற்பக் கூலி கிடைத்தது. கல்லூரி மாணவர்கள் பலர் இப்படி ஆடியது உண்டு. ஆனால், அவர்கள் பொய்ப் பெயரில் ஆடினார்கள். தோர்ப் சொந்தப் பெயரில் ஆடினார்!

பறிபோன பதக்கம்

காசுக்கு ஆடியவர் ஒலிம்பிக்கில் கலந்து கொள்ளக்கூடாது என்பது அன்றைய விதி. 1913 ஜனவரியில் பத்திரிகை ஒன்று அவர் கூலி வாங்கியதை வெளியிட்டது. தோர்ப் மறைக்கவில்லை; உண்மையை ஒப்புக்கொண்டார்.

புகாரை 30 நாளுக்குள் கொடுக்கவேண்டும் என்றும் ஒரு விதி இருந்தது. ஆறு மாதம் கடந்திருந்தும் அவரைத் தண்டித்தார்கள். சீட்டு விற்ற பள்ளியை யாரும் தண்டிக்கவில்லை.

1953-ல் தோர்ப் வறுமையில் இறந்தார். 1983-ல் புதிதாக வார்த்த பதக்கங்கள் அவருடைய மக்களுக்குக் கொடுக்கப்பட்டன. 2022-ல்தான், அந்தப் பந்தயங்களில் அவர் ஒருவரே முதல்வர் என்று ஒலிம்பிக் குழு அறிவித்தது.

2025-ல் இருந்து அமெரிக்கக் கல்லூரிகளே தங்கள் ஆட்டக்காரர்களுக்கு நேரடியாகப் பணம் கொடுக்கலாம். அந்த நீதியைக் காண தோர்ப் இல்லை!