ஏழைக்கு வீடு கேட்ட ஜான் வீட்லி

எதிர்க்கட்சி என்றால், சர்க்கார் எதைச் செய்தாலும் குற்றங் கூறுவதே அதன் தொழில் என்று எண்ணுவோர் பலருண்டு. மசோதா வந்தால் எதிர்த்துப் பேசுவதும், வோட்டெடுப்பில் தோற்பதும், வெளியே வந்து கூட்டம் போட்டுக் கண்டிப்பதுமே எதிர்க்கட்சி அங்கத்தினரின் கடமை என்பது அன்னார் கருத்து. இது பெருந்தவறு. ஆளுவோரைக் கண்டிக்கும் ஒருவன், ஆளும் பொறுப்பு நாளையே தன் தலைமேல் விழுந்தால் என்ன செய்வான் என்பதைக் கொண்டே அவனுடைய எதிர்ப்பின் மதிப்பை நிர்ணயிக்க வேண்டும். இந்த உரைகல்லில் மாற்றுக் குறையாமல் நின்ற ஒருவருடைய சரித்திரத்தை நேயர்கள் முன் வைக்க விரும்புகிறோம். அவர் பெயர் ஜான் வீட்லி. பெயரிலேயே வீட்டைத் தாங்கிய அவர், வாழ்நாள் முழுவதும் ஏழையின் வீட்டைப் பற்றியே நினைத்தவர் என்பது நம் காதுக்கு மட்டும் கிட்டும் ஒரு பொருத்தம்.

வீட்லி 1869-ம் வருஷம் அயர்லாந்து தேசத்தில், வாட்டர்போர்டு ஜில்லாவைச் சேர்ந்த பன்மஹன் என்ற சிற்றூரில் பிறந்தார். தகப்பனார் கூலித் தொழிலாளி. பிழைப்பைத் தேடி அக்குடும்பம் 1876-ல் கடல் கடந்து ஸ்காட்லாந்தின் லானார்க்‌ஷயர் நிலக்கரிப் பிரதேசத்துக்குக் குடியேறியது. அங்கே சுரங்கத் தொழிலாளருக்கென்று கட்டப்பட்ட ஒற்றையறை வீடொன்றில் பெற்றோரும் பிள்ளைகளும் நெருக்கியடித்து வாழ்ந்தனர். போதாக்குறைக்கு, வாடகையைச் சரிக்கட்ட அன்னியரையும் அதே அறையில் தங்கவைக்க நேர்ந்தது. சமைப்பதும் உண்பதும், உறங்குவதும் நோயுறுவதும், பிறப்பதும் இறப்பதும் அந்த நான்கு சுவர்களுக்குள்ளேதான். பிற்காலத்தில் பார்லிமெண்டிலே வீட்டு வசதியைப் பற்றி அவர் பேசியபோது, அறிக்கைகளைப் படித்து அறிந்தவர்போலப் பேசாமல், அனுபவித்தவர்போலப் பேசியதன் காரணம் இதுவே.

சிறு பிராயத்திலேயே அவரும் சுரங்கத்துக்குள் இறங்கினார். பல ஆண்டுகள் நிலக்கரி வெட்டியபின் வெளியேறி, மளிகைக் கடை வைத்தார். பத்திரிகைக்கு விளம்பரம் சேர்த்தார். பின்னர் அச்சுத் தொழிலில் இறங்கிச் செல்வமும் சேர்த்தார். செல்வம் வந்த பிறகும் தாம் புறப்பட்டு வந்த ஒற்றையறையை அவர் மறக்கவில்லை. முதலில் அயர்லாந்தின் சுயாட்சிக்காக உழைத்த ஐரிஷ் சங்கத்திலே பணியாற்றினார். ஆனால், கிளாஸ்கோவிலே வாழும் ஐரிஷ் கூலிக்காரனுக்கும் ஸ்காட்டியக் கூலிக்காரனுக்கும் வாடகைத் துன்பம் ஒன்றே என்பதை உணர்ந்து, சமதர்மக் கட்சியைச் சார்ந்தார். 1906-ல் கத்தோலிக்க சமதர்ம சங்கத்தை நிறுவினார்.

அவரோ கத்தோலிக்க மதத்தில் ஆழ்ந்த பற்றுடையவர். சமதர்மமோ மத விரோதமென்று பாதிரிமார் பலர் பிரசங்கம் செய்துவந்த காலம். 1912-ல் ஒரு கூட்டத்தார் அவருடைய கொடும்பாவியைக் கட்டி இழுத்துவந்து, அவர் வீட்டருகிலேயே கொளுத்தினர். வீட்லி பதறாமல் வாயிலில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்றும், அடுத்த ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல் ஆலயத்துக்குச் சென்றார் என்றும் சொல்வர். மதத்தையும் விடவில்லை, கொள்கையையும் விடவில்லை.

அக்காலத்துக் கிளாஸ்கோவின் நிலைமையை அறிந்தாலன்றி அவருடைய போராட்டத்தின் பெருமை விளங்காது. 1911-ம் வருஷத்து ஜனக்கணக்கின்படி, ஸ்காட்லாந்து ஜனங்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் ஓரறை அல்லது ஈரறை வீடுகளில் வசித்தார்கள். இங்கிலாந்திலே இவ்வாறு வசித்தவர் நூற்றுக்கு 7 பேரே. கிளாஸ்கோ நகரிலோ இந்த அவலம் இன்னும் அதிகம். உலகெங்கும் கப்பல் கட்டி அனுப்பிய நகரம், தன் தொழிலாளிக்கு மாடிமேல் மாடியாக அடுக்கிய இருட்டறைகளையே கொடுத்தது. பல குடும்பங்களுக்குப் பொதுவாக ஒரு கக்கூஸ். அறைகள் குறையக் குறையக் குழந்தைகளின் சாவு கூடியதை அந்நகரத்துச் சுகாதார அதிகாரிகளே கணக்கிட்டுக் காட்டினர்.

1912-ல் கிளாஸ்கோ நகரசபையில் அங்கத்தினரான வீட்லி, இந்தக் கொடுமையைக் கண்டு கண்ணீர் வடிப்பதோடு நிற்கவில்லை, கணக்கெழுத உட்கார்ந்தார். வீட்டு வாடகை ஏன் ஏறுகிறது என்று ஆராய்ந்தார். ஏழை கொடுக்கும் வாடகையில் பெரும் பகுதி செங்கல்லுக்கும் கொத்தனார் கூலிக்கும் போகவில்லை; கட்டுவதற்கு வாங்கிய கடனின் வட்டிக்கே போகிறது என்பதைக் கண்டார். வட்டியை நீக்கினால் வாடகை தானே இறங்கும். பணத்துக்கு வழி? நகரசபையே நடத்திவந்த டிராம் வண்டிகளில் செலவு போக ஆண்டுதோறும் மிச்சம் நின்றது. அந்தப் பணத்தை வட்டியின்றிக் கொடுத்து, வருஷத்துக்கு 8 பவுன் வாடகையில் தோட்டத்துடன் கூடிய சிறு வீடுகளைக் கட்டலாமென்று 1913-ல் ஒரு பிரசுரம் எழுதி வெளியிட்டார். நகரசபை ஏற்கவில்லை, ஆனால் ஜனங்கள் படித்தார்கள். வாடகை என்பது விதியன்று, மனிதர் போட்ட கணக்கு என்ற உண்மை அடுப்படிகள் வரை எட்டியது.

1914-ல் மகாயுத்தம் மூண்டது. ஆயுதத் தொழிலுக்காகப் பல்லாயிரவர் கிளாஸ்கோவில் வந்து குவிந்தனர். ஆண்கள் போர்முனையில் இருக்க, வீட்டுச் சொந்தக்காரர்கள் வாடகையை ஏற்றினர். 1915-ல் ஸ்திரீகள் கிளர்ந்தெழுந்தனர். மேரி பார்பர் முதலிய மாதர்கள் கோவன், பார்ட்டிக் வட்டாரங்களில் வாடகை கொடா இயக்கத்தை நடத்தினர். அமீனா வருகிறான் என்றால் மணியடிப்பார்கள்; தெருவெங்கும் பெண்கள் திரண்டு, மாவை வீசி அவனைத் துரத்துவார்கள். வீட்லியும் அவருடைய தோழர்களும் நகரசபையிலும் மேடைகளிலும் அவர்களுக்குத் துணை நின்றனர். ஏறத்தாழ 20,000 குடும்பங்கள் இவ்வியக்கத்தில் சேர்ந்தன. நவம்பர் 17-ந் தேதி, வாடகை கொடாத குடித்தனக்காரர் சிலரைக் கோர்ட்டுக்கு இழுத்தபோது, கப்பல்துறைத் தொழிலாளர் ஆயிரக்கணக்கில் வேலையை விட்டுக் கோர்ட்டு வாயிலில் கூடினர். வழக்குகள் கைவிடப்பட்டன. அவ்வருஷ முடிவுக்குள் பார்லிமெண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் நிறைவேற்றி, 1914 ஆகஸ்டு மாதத்து வாடகைக்குமேல் ஏற்றக்கூடாதென்று விதித்தது. யுத்த காலத்தில் வல்லரசு ஒன்றை அடுப்படியிலிருந்து புறப்பட்ட சேனை பணியவைத்தது.

யுத்தம் முடிந்ததும், போர்வீரர்களுக்குத் தகுந்த வீடுகள் அளிப்போமென்று சர்க்கார் வாக்களித்தது. 1919-ல் சட்டமும் செய்தது. இரண்டே வருஷத்தில் சிக்கனம் என்று சொல்லி அந்த வேலையை நிறுத்திவிட்டது. அந்த ஏமாற்றத்தின் பலன் 1922 நவம்பர் தேர்தலில் தெரிந்தது. கிளாஸ்கோவின் 15 ஸ்தானங்களில் 10 தொழிற்கட்சிக்குக் கிடைத்தன. ஷெட்டில்ஸ்டன் தொகுதியிலிருந்து வீட்லி காமன்ஸ் சபைக்குச் சென்றார். தொழிற்கட்சி முதல் முறையாகச் சபையின் பிரதான எதிர்க்கட்சியாயிற்று.

குள்ளமான உருவம், தடித்த தேகம், பருத்த மூக்குக்கண்ணாடி, ஆரவாரமற்ற குரல். இதுவே வீட்லியின் தோற்றம். 1923-ல் நெவில் சேம்பர்லின் கொண்டுவந்த வீட்டு மசோதாவை அவர் முன்னின்று தாக்கினார். வீடொன்றுக்கு வருஷம் 6 பவுன் வீதம் 20 வருஷம் மான்யம் என்பது அம்மசோதா. பெரும்பாலும் தனி முதலாளிகள் கட்டி விற்கும் வீடுகளுக்கே அது உதவும். விலைக்கு வாங்க முடிந்தவனுக்கு வீடு. வாடகை கொடுக்கவும் திணறுபவனுக்கு ஒன்றுமில்லை என்பதே வீட்லியின் கண்டனம்.

அவ்வருஷம் ஜூன் 27-ந் தேதி சபையில் பெரும் புயல் எழுந்தது. ஸ்காட்லாந்தின் சுகாதாரச் செலவு விவாதத்துக்கு வந்தது. தாய்சேய் நலத்துக்கும் குழந்தைகளின் பாலுக்கும் அளித்துவந்த உதவியைச் சர்க்கார் குறைத்திருந்தது. வீட்லியின் தோழர் ஜேம்ஸ் மாக்ஸ்டன், முந்திய வருஷந்தான் மனைவியை இழந்தவர், இந்தக் குறைப்பை ஆதரிப்போர் கொலைகாரர்களே என்று கூறினார். வாபஸ் வாங்க மறுத்ததால் வெளியேற்றப்பட்டார். வீட்லி எழுந்து அதையே திருப்பிக் கூறினார், அவரும் வெளியேற்றப்பட்டார். பின்னர் வேறிரு தோழர்களும் அவ்வழியே சென்றனர். கட்சித் தலைவர் ராம்ஸே மாக்டொனால்டுக்கு இது பிடிக்கவில்லை. சபையின் மரியாதை கெட்டதென்று கனவான்கள் வருந்தினர். பால் கெட்டதைப் பற்றி வருந்தியவர்கள் கிளாஸ்கோவின் தாய்மார்கள்.

1924 ஜனவரியில் எதிர்பாராத திருப்பம் ஏற்பட்டது. சபையில் பெரும்பான்மை இல்லாமலே தொழிற்கட்சி மந்திரிசபை அமைத்தது. வீட்டு இலாகாவையும் உள்ளடக்கிய சுகாதார மந்திரி பதவி வீட்லிக்குக் கிடைத்தது. கூச்சல்காரர் இனி என்ன செய்வார் பார்ப்போமென்று எதிரிகள் காத்திருந்தனர். அவரோ முதலில் கட்டட முதலாளிகளையும் தொழிற்சங்கத்தாரையும் ஒன்றாக உட்காரவைத்தார். 15 வருஷத்துக்குத் தொடர்ந்து வேலை உண்டென்று உறுதியளித்தார். அதற்குப் பதிலாக, புதிய தொழிலாளரைப் பயிற்றிச் சேர்க்கச் சங்கத்தார் இசைந்தனர். அதன்பின் சட்டம் வந்தது. வீடொன்றுக்கு வருஷம் 9 பவுன் வீதம் 40 வருஷம் மான்யம். கிராமப் பகுதிகளில் 12 பவுன் 10 ஷில்லிங். சேம்பர்லின் சட்டம் ஒரு வீட்டுக்கு அளித்தது மொத்தம் 120 பவுன். வீட்லியின் சட்டம் நகரத்திலேயே 360 பவுன் அளித்தது. வீடுகள் வாடகைக்கே விடப்பட வேண்டும். வாடகையும் யுத்தத்துக்கு முந்திய அளவை ஒட்டி இருக்க வேண்டும். லிபரல் கட்சியாரின் தயவை நாடி நின்ற அந்தச் சர்க்காரில், இம்மசோதாவை ஷரத்து ஷரத்தாகச் சாமர்த்தியமாக நடத்திச் சென்று, ஆகஸ்டு மாதத்தில் நிறைவேற்றினார். 1913-ல் டிராம் பணத்தைக் கொண்டு போட்ட கணக்குத்தான் இங்கே தேசத்தின் கணக்காக விரிந்தது.

அவ்வருஷம் அக்டோபரிலேயே மந்திரிசபை கவிழ்ந்தது. கட்டடச் சாமான்களின் கொள்ளை விலையைத் தடுக்க அவர் கொண்டுவந்த மசோதாவும் அதோடு மடிந்தது. ஆனால் அடுத்து வந்த கன்ஸர்வேடிவ் சர்க்காரால் வீட்டுச் சட்டத்தை ரத்துச் செய்ய முடியவில்லை. மான்யத்தைக் குறைக்கத்தான் முடிந்தது. 1933-ல் அம்மான்யம் நிறுத்தப்படும் வரையில் அச்சட்டத்தின் கீழ் ஐந்து லட்சத்துக்கும் அதிகமான வீடுகள் எழுந்தன.

அவரிடம் குறையே இல்லையென்று நாம் கூறவில்லை. இச்சட்டத்தின் வீடுகளில் பெரும்பாலும் நிலையான சம்பளமுள்ள தொழிலாளரே குடிபுகுந்தனர். பரம ஏழைக்கு அந்த வாடகையும் எட்டவில்லை. சர்க்கார் தாய்சேய் நிலையங்களில் கர்ப்பத்தடை ஆலோசனை கூற அனுமதிக்க வேண்டுமென்று அவருடைய கட்சிப் பெண்களே தூது வந்து கேட்டபோது, மந்திரி வீட்லி மறுத்துவிட்டார். ஓரறை வீட்டில் பிள்ளைகளோடு அல்லற்பட்ட தாயின் வேதனையை நன்கறிந்தவர், இந்த ஒரு விஷயத்தில் அத்தாயின் குரலுக்குச் செவிசாய்க்கவில்லை.

மந்திரி பதவி போனபின் அவர் பின்வரிசைக்கே திரும்பினார். தம் கட்சித் தலைவர்கள் பதவிக்காகக் கொள்கையைத் தளர்த்துவதாகக் கண்டபோது அவர்களையும் விடவில்லை. 1929-ல் தொழிற்கட்சி மீண்டும் ஆட்சிக்கு வந்தபோது, முந்திய மந்திரிசபையில் மிகச் சிறந்த காரியத்தைச் சாதித்த அவருக்கு மாக்டொனால்டு இடம் அளிக்கவில்லை. வேலையற்றோரின் துயரைத் தீர்க்காத சொந்தக் கட்சிச் சர்க்காரையே அவர் எதிர்த்துப் பேசினார். 1930 மே 12-ந் தேதி மூளையில் இரத்தம் கசிந்து காலமானார்.

அவர் பதவியில் இருந்தது சுமார் ஒன்பது மாதம். எதிர்ப்பில் கழித்தது ஒரு வாழ்நாள். அந்த ஒன்பது மாதம் பலித்ததன் இரகசியம், எதிர்ப்பில் இருந்தபோதே கணக்கை முடித்து வைத்திருந்தமைதான். அரசியலில் இறங்கும் வாலிபர்கள் இதைச் சிந்திக்க வேண்டும். கோபம் வேண்டும், அது இல்லாதவன் ஏழையின் பக்கம் நிற்கமாட்டான். கோபத்தோடு கணக்கும் வேண்டும். அது இல்லாதவன் ஏழைக்கு ஒரு செங்கல்லும் எடுத்து வைக்கமாட்டான். இரண்டும் ஒருவரிடமே சேர்ந்திருந்தமையால், ஒற்றையறையில் வளர்ந்த பிள்ளை ஐந்து லட்சம் குடும்பங்களுக்குக் கதவு திறந்துவிட்டுப் போனார்.