தலைக்கு ஆண்டுக்கு 20 ரூபாய்: இந்தியாவின் வறுமையைக் கணக்கிட்ட தாதாபாய் நௌரோஜி

புதுதில்லி: ஆங்கிலேயர் ஆட்சியில் இந்தியா வளம் பெற்று வருவதற்குப் பெருகிவரும் ஏற்றுமதியும் நீளும் ரயில் பாதைகளும் சான்றாகக் காட்டப்பட்ட காலத்தில், ஓர் இந்தியருக்குச் சராசரியாக எவ்வளவு கிடைக்கிறது என்று கேட்டவர் தாதாபாய் நௌரோஜி.

மும்பையில் 1825-ஆம் ஆண்டு செப்டம்பர் 4-ஆம் தேதி எளிய பார்சி குடும்பத்தில் பிறந்த அவர், எல்பின்ஸ்டன் கல்லூரியில் கணிதப் பேராசிரியராகப் பணியாற்றினார். 1855-இல் வணிகத்தின் பொருட்டு லண்டன் சென்றார். கணக்கு அவரை அரசியலிலும் விடவில்லை.

சாகுபடிப் பரப்பு, விளைச்சல், சந்தை விலை ஆகியவற்றை அரசின் அறிக்கைகளிலிருந்தே மாகாணவாரியாகத் திரட்டினார். தொழில், உப்பு, நிலக்கரி முதலியவற்றின் மதிப்பையும் அதனுடன் சேர்த்தார். மொத்தம் 34 கோடி பவுண்டு. அதை ஆங்கிலேயர் ஆளுகைக்கு உட்பட்ட 17 கோடி மக்களுக்குப் பகிர்ந்தபோது, தலைக்கு ஆண்டுக்கு 20 ரூபாயே வந்தது.

அந்தத் தொகை போதுமா என்பதற்கு அவர் தேர்ந்த அளவுகோல்தான் ஆட்சியாளர்களைச் சங்கடப்படுத்தியது. சிறைக் கைதி ஒருவரின் உணவுக்கும் உடைக்கும் அரசு செலவிட்ட தொகை 20 ரூபாயைவிட அதிகமாக இருந்தது. குற்றம் புரியாத உழவருக்குக் கைதிக்குரிய வாழ்வும் வாய்க்கவில்லை. மேலும், 20 ரூபாய் என்பது சராசரி மட்டுமே. செல்வர்கள் தங்கள் பெரும் பங்கை எடுத்துக்கொண்ட பின் ஏழைகளுக்கு எஞ்சுவது அதனினும் குறைவு என்பதையும் அவர் சுட்டிக்காட்டினார். ஏற்றுமதி மிகுதியோ வளத்தின் அடையாளமன்று, ஈடின்றி வெளியேறும் செல்வம் என்பது அவரது வாதம்.

இந்திய நிதி குறித்து ஆராய்ந்த நாடாளுமன்றத் தேர்வுக் குழுவிடம் 1873-இல் இக்கணக்கை அவர் அளித்தார். குழு தன் அறிக்கையுடன் அதை வெளியிடவில்லை. 1876-இல் மும்பையில் தாமே அதை வாசித்தார். 1892-இல் லண்டனின் மத்திய ஃபின்ஸ்பரி தொகுதியில் 5 வாக்குகள் வித்தியாசத்தில் வென்று நாடாளுமன்றத்துக்குள் நுழைந்தார். காங்கிரஸ் தலைவராக மூன்று முறை தேர்ந்தெடுக்கப்பட்டார்.

பணிகள் துறையின் வருமானத்தைச் சேர்க்காதது அக்கணக்கின் குறை. எனினும், அரசு அவருக்கு அவருடைய அலகிலேயே பதில் சொல்ல நேர்ந்தது. தலைக்கு 27 ரூபாய் என்று 1882-இல் நிதித்துறையும், 30 ரூபாய் என்று 1901-இல் வைஸ்ராய் கர்சனும் மதிப்பிட்டனர். அதே 1901-இல் நௌரோஜி தமது ஆய்வுகளைப் பெருநூலாக வெளியிட்டார்.

1917-ஆம் ஆண்டு ஜூன் 30-ஆம் தேதி மும்பையில் காலமானார். விடுதலைக்குப் பின், முதல் இரண்டு ஐந்தாண்டுத் திட்டங்களில் பெருகிய வருமானம் யாரிடம் சேர்ந்தது என்று ஆராய 1960-இல் மகாலனோபிஸ் தலைமையில் குழு அமைக்கப்பட்டது.