காட்டுக்கும் ரோட்டுக்கும் ஒரே பைக்... வாங்கியதும் கழட்டிப் போட்ட ஜி.டி.நாயுடு!

ஞாயித்துக்கிழமை காலை அஞ்சரை மணிக்கு துடியலூர் டீக்கடையில நின்னுருக்கீங்களா? மேட்டுப்பாளையம் ரோட்டுல வரிசையா சில உயரமான பைக்குகள் போகும். ரெண்டு பக்கமும் அலுமினியப் பெட்டி, முன்னாடி பறவை அலகு மாதிரி நீட்டிக்கிட்டு நிக்கிற மட்கார்டு, கட்டம் கட்டமா பட்டன் டயர். பாதிப் பேர் ஊட்டிக்கு, மீதிப் பேர் கணுவாய் பக்கம் திரும்பி ஆனைகட்டிக்கு. தார் ரோடு முடிஞ்சாலும் இந்த வண்டிகளுக்குப் பயணம் முடியாது.

இந்த 'அட்வென்ச்சர் டூரர்' வகையில பெரிய வண்டிகளுக்கு வழி போட்டது, 1980-ல வந்த பிஎம்டபிள்யூ ஆர்80 ஜி/எஸ். அதுவரைக்கும் மண் ரோட்டுக்குன்னா எடை குறைஞ்ச ஒத்தை சிலிண்டர் பைக்தான். நெடுஞ்சாலை வண்டியோட 797 சிசி இரட்டை சிலிண்டர் இன்ஜினை, காடுமேடு ஏறுற உடம்புல உட்கார வெச்சாங்க ஜெர்மன்காரங்க. அடுத்த வருஷமே அது பாரிஸ்-டக்கார் பாலைவன ரேஸை ஜெயிச்சது. அந்த ஜிஎஸ் குடும்பத்தோட குட்டியான 310, நம்ம ஓசூர் டிவிஎஸ் ஆலையில தயாராகி வெளிநாடுகளுக்கும் போனது.

ஆனா ஒண்ணு யோசிங்க. நூறு வருஷத்துக்கு முன்னாடி கோயம்புத்தூர் ஜில்லாவுல தார் ரோடே அபூர்வம். மாட்டுவண்டித் தடம், செம்மண், மழை பெய்ஞ்சா சேறு. அங்கே ஓடின ஒவ்வொரு மோட்டார் சைக்கிளும் அட்வென்ச்சர் பைக்தான்! அப்படி ஒரு வண்டியிலிருந்துதான் இந்தக் கதை ஆரம்பிக்குது.

சூலூர் பக்கம் கலங்கல் கிராமம். 1893 மார்ச் 23-ல் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர் கோபால்சாமி துரைசாமி நாயுடு. பள்ளிக்கூடம் அவருக்கு ஒத்தே வரலை. ஆரம்பப் படிப்போடு சரி. ஒருநாள் வயக்காட்டில் வேலையா இருந்தப்போ, வெள்ளைக்கார வருவாய்த்துறை அதிகாரி ஒருத்தர் புழுதி கிளப்பிக்கிட்டு ஒரு வண்டியில வந்தார். 1912 மாடல் ரட்ஜ் மோட்டார் சைக்கிள். மாடு இல்லை, குதிரை இல்லை, ஆனா வண்டி ஓடுது. அந்தப் பையன் அதுக்கப்புறம் வயக்காட்டில் தங்கலை.

நேரா கோயம்புத்தூர் போனார். ஹோட்டல்ல சர்வர் வேலை. ஒண்ணு ரெண்டு நாள் இல்லைங்க, மூணு வருஷம். இலை போட்டு, தண்ணி ஊத்தி, கிடைச்சதையெல்லாம் மிச்சம் பிடிச்சு 300, 400 ரூபாய் சேர்த்தார். அதே அதிகாரியைத் தேடிப் போய் அதே வண்டியை வாங்கினார்.

இப்போ நீங்களா இருந்தா என்ன செய்வீங்க? செல்ஃபி, அப்புறம் வால்பாறை, இல்லையா? அவர் வண்டியை அக்கு வேறா ஆணி வேறா கழட்டிப் போட்டார். கழட்டினார், பூட்டினார், மறுபடி கழட்டினார். மேனுவல் படிக்க இங்கிலீஷ் கிடையாது, சொல்லித்தர ஆள் கிடையாது. மூணு வருஷச் சம்பாத்தியம் தரையில் நட்டும் போல்ட்டுமா கிடக்குறப்போ மனசு எப்படி அடிச்சிருக்கும்! திரும்பப் பூட்ட முடியாமப் போயிருந்தா அவர் மறுபடியும் அந்த ஹோட்டலுக்கே இலை போடப் போயிருக்கணும்.

போகலை. மெக்கானிக் ஆனார்.

1920-ல ஒரே ஒரு பஸ் வாங்கி, பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவுல தானே ஓட்டினார். அதுதான் யு.எம்.எஸ்-ஸின் தொடக்கம். 1933-ல அவர்கிட்ட 280 பஸ்!

அதே சமயத்துல பைக்காரா நீர்மின்சாரம் கோவைக்கு வந்துடுச்சு. மில்லுக்கும் கிணத்துக்கும் மோட்டார் வேணும், எல்லாமே இறக்குமதி. 1937-ல டி.பாலசுந்தரம் நாயுடுவோட சேர்ந்து பீளமேட்டில் இந்தியாவின் முதல் மின்மோட்டாரைச் செஞ்சு காட்டினார். அதே கையோடு பேட்டரியில ஓடுற குட்டி ஷேவிங் ரேசர், மண்ணெண்ணெய் ஃபேன், ஜூஸ் பிழியும் கருவி, ஓட்டுப்பதிவு மெஷின்னு லிஸ்ட் நீளும். எனக்கு அந்த லிஸ்டைவிட அந்த முதல் ரட்ஜ்தான் பெருசாத் தெரியுது. மத்ததெல்லாம் அதுல கத்துக்கிட்ட பாடம்.

1945-ல ஆர்தர் ஹோப் பேர்ல இன்ஜினீயரிங் கல்லூரி தொடங்கக் காரணமா இருந்தார். இன்னைக்கு தடாகம் ரோட்டுல நீங்க பார்க்கிற ஜி.சி.டி அதுதான். நாலு வருஷப் படிப்பு வீண், ரெண்டே வருஷம் போதும்னு அடம் பிடிச்சார். அரசு ஒத்துக்கலை, முதல்வர் பதவியை விட்டுட்டு வந்துட்டார். இதில் அவர் பக்கம் நிற்க எனக்குக் கொஞ்சம் தயக்கம்தான். எல்லாரும் நாயுடு ஆகிட முடியாது. ஆனா செமஸ்டர் முடிஞ்சும் ஸ்பானர் பிடிக்கத் தெரியாத நண்பர்கள் உங்களுக்கும் இருப்பாங்கதானே?

உண்மையிலேயே வலிக்கிற இடம் 1952. ரெண்டு பேர் உட்காரும் பெட்ரோல் கார், விலை 2,000 ரூபாய். செஞ்சு தர அவர் தயார். யார் என்ன தயாரிக்கலாம், எத்தனை தயாரிக்கலாம்னு டெல்லிதான் தீர்மானிச்ச காலம் அது. லைசென்ஸ் கிடைக்கலை. மோட்டார் சைக்கிளில் ஆரம்பிச்ச மனுஷன், தன் பேரில் ஒரு வண்டி ரோட்டுல ஓடுறதைப் பார்க்காமலேயே 1974 ஜனவரி 4-ல் போய்ச் சேர்ந்தார். ஜெர்மனியில அந்த ஜி/எஸ் வர இன்னும் ஆறு வருஷம் இருந்தது.

துடியலூர்ல டீயைக் குடிச்சிட்டு இன்னும் கொஞ்ச தூரம் போனா பெரியநாயக்கன்பாளையம். டூவீலர் மீட்டர் செய்யுற பிரிக்கால் அங்கேதான். வழியெல்லாம் லேத் பட்டறை, பம்ப் கம்பெனி. ஷட்டரைத் தூக்கினா ஏதாவது ஒரு பையன் எதையாவது கழட்டிப் போட்டுக்கிட்டு உட்கார்ந்திருப்பான்.

அடுத்த ஞாயிறு ஒரு தடவை மலைப்பக்கம் போகாம ஊருக்குள்ள திருப்புங்க. அவிநாசி ரோட்டுல அவர் மியூசியமும் ஜிடி கார் மியூசியமும் இருக்கு. 2025-ல திறந்த 10.1 கிலோமீட்டர் மேம்பாலத்துக்கும் அவர் பேர்தான். ஆனா ஆசையில அதுல ஏறிடாதீங்க, மியூசியத்தைத் தாண்டிப் போயிடுவீங்க. கீழ் ரோட்டுலயே போங்க!