பேக்லாந்துப் பெரியார்

நாம் கையாளும் பொருள்களுட் பல தம்மை ஆக்கினோர் பெயரை நமக்கு அறிவிப்பதில்லை. பேக்லைட்டோ, தன்னைக் கண்டவர் பெயரைத் தாங்கியே உலகெங்கும் பரவிற்று. மின்சார ஸ்விச்சு, தொலைபேசி, வானொலிப் பெட்டி முதலியன அதனாற் செய்யப்பட்டன. அதனை ஆக்கிய பெரியாரின் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

லியோ பேக்லாந்து 1863ஆம் ஆண்டு நவம்பர் 14ஆம் நாள், பெல்ஜிய நாட்டுக் கெண்ட் நகரில், செருப்புத் தைக்கும் தொழிலாளி ஒருவர்க்கு மகனாய்ப் பிறந்தார். வறுமை அவர் கல்வியைத் தடுக்கவில்லை. இளமையிலேயே கெண்ட் சர்வகலாசாலையில் டாக்டர் பட்டம் பெற்றார். 1889இல் தம் ஆசிரியர் மகளை மணந்து அமெரிக்கா சென்றார். அங்கு நோயும் கடனும் அவரை வருத்தின. பல முயற்சிகளில் ஒருங்கே தலையிடுதலை விட்டு, ஒன்றையே பற்றினார். விளக்கொளியிற் படம் பதிக்கும் வெலாக்ஸ் தாள் அதன் பயனாகும். 1899இல் ஈஸ்ட்மன் கம்பெனியார் அதனைப் பெரும்பொருள் கொடுத்து வாங்கினர். செல்வம் பெற்றும் அவர் ஓய்ந்திலர். யாங்கர்ஸ் நகரில் தம் இல்லத்தருகே ஆய்வுக்கூடம் அமைத்தார்.

அந்நாளில் மின்கருவிகளுக்குக் காப்பாக இந்திய அரக்குப் பயன்பட்டது. அதற்கு மாற்றுத் தேடப் புகுந்தார் நம் அறிஞர். பீனாலும் பார்மால்டிஹைடும் சேர்ந்தாற் பிசின் ஒன்று தோன்றுதலை ஜெர்மானிய அறிஞர் பேயர் 1872இலேயே கண்டிருந்தார். எனினும் எதிலும் கரையாது கலத்தில் ஒட்டிய அதனைப் பயனற்றதென ஒதுக்கினர். அக்கரையாமையே அதன் சிறப்பென உணர்ந்தவர் பேக்லாந்து.

ஆயினும் ஓர் இடர் உண்டு. அப்பிசின் இறுகுங்கால் நீர் பிரியும். அது சூட்டில் ஆவியாகிப் பிசினை நுரைக்கச் செய்யும். பிறர் இதற்கஞ்சிச் சூட்டைக் குறைத்தனர். இவரோ சூட்டை மிகுத்து, மூடிய கலத்தில் அழுத்தத்தையும் கூட்டினார், குமிழ்கள் அடங்கின. முதல் நிலையில் அப்பிசின் உருகும். இடைநிலையில் இளகுமேயன்றி உருகாது. கடைநிலையில், ஏறக்குறைய 150 டிகிரி சென்டிகிரேடில் இறுகியபின், உருகாது, கரையாது. மூலக்கூறுகள் சங்கிலியாய்த் தொடர்ந்து, பின் குறுக்கும் நெடுக்குமாய்ப் பிணைந்து ஒரே வலையாதலே காரணம். மெழுகு மீண்டும் உருகும்; சூளையிற் சுட்ட பானையோ மீண்டும் களிமண் ஆகாது. தனியே எளிதில் உடையும் அப்பிசினை, மரத்தூள் கலந்தும், தாளிலும் துணியிலும் ஊட்டி அடுக்கி அழுத்தியும் வலிவுறச் செய்தனர்.

1907இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்து, 1909இல் தம் கண்டுபிடிப்பை நியூயார்க்கில் அறிஞர் அவையில் வெளியிட்டார். 1924இல் அமெரிக்க இரசாயன சங்கத்தின் தலைவரானார். 1944 பிப்ரவரி 23ஆம் நாள், 80ஆம் வயதில், இவ்வுலக வாழ்வை நீத்தார். அவர் வழிவந்த பிசின் இன்றும் வாழ்கின்றது. 2006இல் வால்மீன் துகள்களுடன் பூமிக்கு மீண்ட ஸ்டார்டஸ்ட் பேழையைத் தீயினின்று காத்தது, கரியிழையில் இவ்வினப் பிசினை ஊட்டிச் செய்த கவசமே.

மீண்டும் உருகாமை அப்பொருளின் வலிமை. அதுவே அதன் குறையுமாம். உடைந்ததை உருக்கி மறுபடி வார்த்தல் இயலாது. இதற்கு வழி காணுதல் இன்றைய மாணவர் கடன். ஆய்வுக்கூடத்திற் கலத்தில் ஒட்டிய கறையைக் கழுவுமுன், அஃது யாதென ஒருகால் நோக்குவோமாக.