ஜோசபின் பேக்கர் அம்மையார்

அமெரிக்காவில் 1906இல் ஏழ்மையிற் பிறந்து, பாரிஸ் நகரின் ஆடலரங்குகளை ஆண்டவர் ஜோசபின் பேக்கர் அம்மையார். 1941இல் மொராக்கோவில் நேர்ந்த கடும் நோயும் அறுவைச் சிகிச்சையும் அவரது மகப்பேற்றுக் கனவைப் பறித்தன.

1954இல் ஜப்பான் சென்றார். ஓய்சோ என்னும் கடற்கரை ஊரில், அந்நியப் படைவீரருக்குப் பிறந்து கைவிடப்பட்ட குழவிகளுக்காக மிகி சவாடா அம்மையார் 1948இல் தொடங்கிய இல்லத்தை நாடினார். ஒரு பிள்ளையைத் தத்தெடுக்கச் சென்றவர், அங்கிருந்த மழலைகளைக் கண்ட பின் இருவரோடு பிரான்சு திரும்பினார்! கையிருப்பை எண்ணும் வழக்கம் அவருக்கில்லை. அதைக் குறையென்றே சொல்ல வேண்டும். பல நாட்டுப் பிள்ளைகள் பன்னிருவராயினர். கடன் பெருகி 1969இல் மாளிகையை இழந்தார். பிள்ளைகளைக் கைவிடவில்லை. அவர்களுக்காக அறுபது வயதுக்கு மேலும் மேடையேறினார். 1975 ஏப்ரலில், பாரிஸில் புதிய நிகழ்ச்சி தொடங்கிய நான்காம் நாள் மறைந்தார்.